ஸ்கேனில் 'வளர்ச்சி குறைவு' என்று வந்தால்: காத்திருப்பதா, குழந்தையை எடுத்துவிடுவதா?

32 அல்லது 34-வது வாரத்தில் எடுத்த ஸ்கேன் அறிக்கையின் கடைசி வரியில் 'குழந்தையின் எடை 10-வது பெர்சன்டைலுக்குக் கீழே' என்று, அதாவது அதே வாரத்துக் குழந்தைகள் நூறில் மிகச் சிறிய பத்தில் ஒன்று என்று அச்சாகியிருந்தால், அன்றிரவு அந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. விடிந்ததும் ஆளுக்கொரு யோசனை கிளம்பும். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம் என்பார் ஒருவர். நன்றாகச் சாப்பிட்டால் எடை ஏறிவிடும் என்பார் மாமியார். மாலைக்குள் புரோட்டீன் பவுடர் டப்பா ஒன்று வந்து இறங்கும். வேறு ஸ்கேன் மையத்தில் பார்த்தால் சரியாக வரும் என்று நாத்தனாரின் கணவர் போனில் சொல்வார்.

அந்த ஒரு வரியை மட்டும் வைத்து இவற்றில் எது நல்லது என்று யாராலும் சொல்ல முடியாது. கர்ப்ப வாரம் நிச்சயமானதா, குழந்தை எவ்வளவு சிறியது, தொப்புள்கொடியில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்ற மூன்றும் தெரிந்தாக வேண்டும். எல்லோரும் எடையைப் பற்றியே பேசுகிறார்கள். வாரக்கணக்கு உறுதியான பிறகு, காத்திருக்கலாமா கூடாதா என்ற முடிவைப் பெரும்பாலும் திருப்புவது மூன்றாவது விவரம்தான். அதைச் சொல்வது, ரத்த ஓட்டத்தை அளக்கும் ஸ்கேன் முறையான டாப்ளர்.

முதலில் தேதி

கர்ப்ப வாரத்தை உறுதி செய்ய 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனை மிஞ்சியது எதுவும் இல்லை. தலை முதல் பிட்டம் வரை குழந்தையின் நீளத்தை அளந்து சொல்லும் அந்தக் கணக்கு ஐந்து முதல் ஏழு நாள் முன்பின் இருக்கலாம், அவ்வளவுதான். கடைசி மூன்று மாதத்தில் எடுக்கும் ஸ்கேனை வைத்து வாரம் கணித்தால் மூன்று வாரம் வரைகூடத் தவறலாம். ஆனால் இயந்திரம் அதையெல்லாம் பார்ப்பதில்லை. ஒவ்வொரு முறையும் அன்றைய அளவுகளைக் கொண்டு புதிதாக ஒரு பிரசவத் தேதியை அச்சடித்துக் கொடுத்துவிடும்.

வினை இங்கேதான் தொடங்குகிறது. முதல் ஸ்கேன் ஜூன் 10 என்று சொன்ன தேதி, 30-வது வாரத்தில் ஜூன் 17 ஆகிறது, 34-வது வாரத்தில் ஜூன் 26 ஆகிறது. "தேதி தள்ளிப் போயிருக்கிறது" என்று வீட்டில் நிம்மதியடைகிறார்கள். தேதி அப்படியேதான் இருக்கிறது, குழந்தை பின்தங்குகிறது. பிரசவத் தேதி ஸ்கேனுக்கு ஸ்கேன் நகர்ந்துகொண்டே போனால் அதையே எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் ஸ்கேன் கொடுத்த தேதியைப் பிறகு மாற்றக் கூடாது.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் வழக்கம் இதில் இன்னொரு சிக்கலைச் சேர்க்கிறது. வளைகாப்பு முடிந்து கிளம்பும்போது பட்டுப்புடவையும் வளையல் பெட்டியும் மறக்காமல் காரில் ஏறும். முதல் ஸ்கேன் அறிக்கை கணவர் வீட்டு பீரோவில் தங்கிவிடும். புதிய ஊரின் டாக்டர் கையில் இருப்பது நேற்றைய ஸ்கேன் ஒன்றுதான். குழந்தை சிறியதா, அல்லது வாரக்கணக்கே தவறா என்று அவரால் பிரித்துச் சொல்ல முடியாது. அந்த ஒரு தாள் கையில் இருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அளவுநாடாவா, ஸ்கேனா, மீண்டும் ஸ்கேனா

ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர் அளவுநாடாவால் வயிற்றை அளப்பதை வெறும் சடங்கு என்று நினைக்க வேண்டாம். 24 வாரத்துக்குப் பிறகு கருப்பையின் உயரம் சென்டிமீட்டரில் ஏறக்குறைய வார எண்ணிக்கைக்குச் சமமாக இருக்கும். மூன்று சென்டிமீட்டர் குறைந்தால் ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும். செலவில்லாத முறை. ஆனால் தாய் பருமனாக இருந்தால், நார்த்திசுக்கட்டி இருந்தால், குழந்தை குறுக்கே கிடந்தால் ஏமாற்றிவிடும்.

அப்படியானால் சந்தேகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லோருக்கும் கடைசி மாதங்களில் ஸ்கேன் எடுத்துவிடலாமே? கேம்பிரிட்ஜில் நடந்த ஆய்வு ஒன்றின் முடிவு 2015-இல் வெளியானது. தேவை என்று தோன்றியவர்களுக்கு மட்டும் ஸ்கேன் எடுத்தபோது சிறிய குழந்தைகளில் 20 சதவீதமே முன்கூட்டித் தெரிந்தது. எல்லோருக்கும் எடுத்தபோது 57 சதவீதம் தெரிந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நெதர்லாந்தில் 13,000-க்கும் மேற்பட்ட, ஆபத்துக் காரணம் எதுவும் இல்லாத கர்ப்பிணிகளிடம் இதையே சோதித்தார்கள். 2019-இல் வெளிவந்த முடிவுப்படி, கண்டுபிடிப்பு 19-இலிருந்து 32 சதவீதமாக உயர்ந்தது. பிறந்த குழந்தைகளுக்கு நேர்ந்த கடுமையான பாதிப்புகளோ குறையவில்லை. எனவே எந்தச் சந்தேகமும் இல்லாதவர் மாதம் ஒரு ஸ்கேன் எடுத்துக்கொண்டு ஓட வேண்டியதில்லை. சந்தேகம் எழுந்துவிட்டவர் கதை வேறு. அவருக்கு ஸ்கேன் தேவை.

அந்த ஸ்கேன் சொல்லும் எடையை எவ்வளவு நம்பலாம்? தலை, வயிறு, தொடை எலும்பு ஆகியவற்றின் அளவுகளைச் சூத்திரத்தில் போட்டுக் கணிக்கும் எடை அது. 10 முதல் 15 சதவீதம் வரை தவறுவது சாதாரணம். '2,000 கிராம்' என்று அறிக்கை சொன்னால் உண்மையான எடை 1,700 முதல் 2,300 வரை எங்கும் இருக்கலாம். 34 வாரக் குழந்தை ஒரு வாரத்தில் ஏறுவதே சுமார் 200 கிராம்தான். ஆகவே மூன்றாம் நாளே வேறு மையத்துக்குப் போய் "அங்கே 150 கிராம் கூட இருக்கிறது" என்று மகிழ்வதிலும், "இங்கே குறைந்துவிட்டது" என்று பதறுவதிலும் பொருளில்லை. வளர்ச்சியைப் பார்க்க வேண்டுமானால் இரண்டு ஸ்கேன்களுக்கு நடுவில் குறைந்தது இரண்டு வாரம் வேண்டும். மூன்று வாரம் இன்னும் நல்லது. அதே மையம், முடிந்தால் அதே டாக்டர்.

பெர்சன்டைல் என்பதும் எந்த அட்டவணையோடு ஒப்பிடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. நம் ஊர் அறிக்கைகள் பலவற்றில் இருக்கும் 'ஹாட்லாக்' எடை வரைபடம், 1991-இல் அமெரிக்காவின் டெக்சாஸில் 392 பெண்களை அளந்து உருவானது. அவர்களில் பெரும்பாலோர் நடுத்தர வர்க்க வெள்ளையர். 2014-இல் வந்த 'இன்டர்குரோத்-21' வரைபடங்கள் எட்டு நாடுகளில் அளந்தவை. நாக்பூரும் அவற்றில் ஓர் இடம். ஒரே குழந்தை ஒன்றில் 8-வது பெர்சன்டைலாகவும் மற்றதில் 14-ஆகவும் வரலாம். கோட்டுக்கு ஒட்டி நிற்கும் எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். நூறு குழந்தைகளை வரிசையில் நிறுத்தினால் பத்து 10-க்குக் கீழேதான் இருக்கும். அவற்றில் பல, ஐந்தடிக்குக் குறைவான அம்மாவின் ஆரோக்கியமான சிறிய குழந்தைகள். கவலைப்பட வேண்டியது 3-வது பெர்சன்டைலுக்குக் கீழே இருப்பதைப் பார்த்து. முன்பு 50-இல் இருந்த குழந்தை இப்போது 12-க்கு வந்து நின்றாலும் அப்படித்தான். 10-க்கு மேலே இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் இந்த இரண்டாவது ரகம் பலர் கண்ணில் படாமல் போகிறது.

டாப்ளர் காட்டுவது

டாப்ளர் திரையில் தொப்புள்கொடித் தமனியின் ஓட்டம் வரிசையாக நிற்கும் அலைகளாகத் தெரியும். குழந்தையின் இதயம் சுருங்கும்போது உச்சி, விரியும்போது பள்ளம். நஞ்சுக்கொடி நன்றாக இருந்தால் பள்ளம்கூட அடிக்கோட்டுக்கு மேலேயே நிற்கும். இதயம் ஓய்வெடுக்கும் அந்தக் கணத்திலும் ரத்தம் நஞ்சுக்கொடிக்குள் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நஞ்சுக்கொடியின் நுண்நாளங்கள் அடைபட அடைபடப் பள்ளம் இறங்கும். அடிக்கோட்டைத் தொட்டால் ஓட்டம் நின்றுபோகிறது. கோட்டுக்குக் கீழே போனால் ரத்தம் திரும்பி வருகிறது. இந்தக் கடைசி நிலை வருவதற்குள் நஞ்சுக்கொடியின் நாளங்களில் பாதிக்கும் மேல் பழுதாகியிருக்கும்.

ஆபத்துள்ள கர்ப்பங்களில் இந்தச் சோதனையால் பயன் உண்டா என்று சுமார் 10,000 பெண்கள் பங்கேற்ற ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு அலசிப் பார்த்தது. டாப்ளர் பார்த்தவர்களில் குழந்தை இறப்பு 1.2 சதவீதம், பார்க்காதவர்களில் 1.7. தேவையில்லாமல் வலி வரவழைப்பதும் சிசேரியனும்கூடக் குறைந்தன. இந்தத் துறையில் உயிரைக் காத்ததாக இவ்வளவு தெளிவாகத் தெரிந்த சோதனை வேறில்லை. வளர்ச்சி குறைவு என்று எழுதிவிட்டு டாப்ளர் பார்க்காத அறிக்கை பாதி அறிக்கை. கேட்டு வாங்க வேண்டும்.

32 வாரத்துக்கு முன் தொடங்கும் வளர்ச்சிக் குறைவில் தொப்புள்கொடி ஓட்டம் முதலில் கெடும். அதன்பின் குழந்தையின் மூளை நாளங்கள் விரிந்து கிடைக்கிற ரத்தத்தைத் தலைக்கு இழுத்துக்கொள்ளும். கடைசியில் கல்லீரலைத் தாண்டி இதயத்துக்குப் போகும் குறுக்குச் சிரையில் மாற்றம் தெரியும்; அது இதயம் களைக்கத் தொடங்கியதன் அடையாளம். 32 வாரத்துக்குப் பின் தொடங்குவது வேறு மாதிரி. தொப்புள்கொடி ஓட்டம் இயல்பாகவே இருக்க, மூளை நாளம் மட்டும் மாறியிருக்கலாம். அதனால் 35, 36 வாரத்தில் 'டாப்ளர் நார்மல்' என்று வந்தால் எந்த நாளத்தைப் பார்த்தார்கள் என்று கேட்பது நியாயமே. ஆனால் மூளை நாளத்தின் மாற்றத்தை மட்டும் வைத்து 34 வாரத்தில் குழந்தையை எடுக்கலாம் என்று சொல்ல இன்றைக்கு ஆதாரம் போதாது. அது அடிக்கடி பார்க்கச் சொல்லும் குறிப்பு.

'தண்ணீர் குறைவு' பற்றி ஒரு வார்த்தை. நான்கு பக்கமும் பனிக்குட நீரை அளந்து கூட்டும் முறையில் பலருக்குக் குறைவு என்று வந்துவிடும். வலி வரவழைப்பதும் கூடும். குழந்தைக்குக் கூடுதல் நன்மை இல்லை. மிக ஆழமான ஒரு பகுதியை மட்டும் அளந்து, இரண்டு சென்டிமீட்டருக்குக் கீழே போனால் கவலைப்படுவது மேல்.

எடுப்பதா, காத்திருப்பதா

32 வாரத்துக்குள் என்றால் இது கத்திமேல் நடக்கும் முடிவு. ஐரோப்பாவின் 13 நாடுகளில் நடந்த 'கிரிட்' ஆய்வில், எடுப்பதா வேண்டாமா என்று டாக்டர்களே உறுதியாகச் சொல்ல முடியாத கர்ப்பங்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு உடனே பிரசவம்; மறு பிரிவு சராசரியாக நான்கைந்து நாள் காத்திருந்தது. காத்திருந்தவர்களில் வயிற்றிலேயே இறந்த குழந்தைகள் அதிகம். உடனே எடுத்ததில் பிறந்தபின் இறந்தவை அதிகம். கூட்டிப் பார்த்தால் உடனே எடுத்ததில் 10 சதவீதம், காத்திருந்ததில் 9 சதவீதம், வித்தியாசமே இல்லை. இரண்டு வயதிலும் இரு பிரிவுக் குழந்தைகளும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தார்கள். 'சீக்கிரம் எடுத்துவிட்டால் பத்திரம்' என்ற நம்பிக்கைக்கு இந்த ஆய்வில் ஆதரவு இல்லை.

அடுத்து வந்த 'ட்ரஃபிள்' ஆய்வு, 26 முதல் 32 வாரத்துக்குள் இருந்த 503 பெண்களை எடுத்துக்கொண்டு, எப்போது எடுப்பது என்பதைச் சோதித்தது. குழந்தையின் இதயத் துடிப்பைப் பதியும் சி.டி.ஜி. மாறியதும் எடுப்பது ஒரு வழி. குறுக்குச் சிரையில் முதல் மாற்றம் தெரிந்ததும் எடுப்பது இரண்டாவது. அந்தச் சிரையின் ஓட்டம் ஒரு கணம் நின்றுபோகும்வரை பொறுப்பது மூன்றாவது. நரம்பு வளர்ச்சிக் குறையின்றி உயிர் தப்பிய குழந்தைகளின் மொத்தக் கணக்கில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் பிழைத்தவர்களை மட்டும் இரண்டு வயதில் பார்த்தபோது, மூன்றாவது வழியில் 95 சதவீதம் குழந்தைகள் நன்றாக இருந்தார்கள், சி.டி.ஜி.யை மட்டும் நம்பிய வழியில் 85 சதவீதம். பொறுத்ததற்குப் பலன் இருந்தது. ஆனால் இதை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவர முடியாது. அங்கே மூன்று பிரிவிலும், கணினி கணக்கிடும் சி.டி.ஜி. காவலாக இருந்தது. துடிப்பு தவறினால் சிரைக்காகக் காத்திராமல் எடுத்தார்கள். நம் சிறிய நர்ஸிங் ஹோம்களில் அந்தக் கருவியைப் பார்ப்பது அரிது. காவல் இல்லாத இடத்தில் பொறுத்துப் பார்ப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். அது இருக்கும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பெரிய மையத்துக்கோ போய்விட வேண்டும். குழந்தை வயிற்றில் இருக்கும்போதே போவது, பிறந்தபின் ஆம்புலன்ஸில் கொண்டு போவதைவிடப் பல மடங்கு பத்திரம். 34 வாரத்துக்குள் பிரசவம் நெருங்குகிறது என்றால் நுரையீரல் முதிர ஸ்டீராய்டு ஊசியும், 32-க்குள் என்றால் மூளையைக் காக்க மெக்னீசியம் சல்பேட்டும் தருவார்கள். இந்த இரண்டும் கிடைக்க நேரம் வேண்டும். இரண்டு நாள் காத்திருப்பதன் அருமை அங்கே தெரியும்.

32 முதல் 34 வரை தொப்புள்கொடி ஓட்டமே பேசும். அமெரிக்காவின் தாய்–சிசு மருத்துவச் சங்கம் 2020-இல் தந்த வழிகாட்டுதல்படி, ரத்தம் திரும்பி வந்தால் 30–32 வாரத்திலும், பள்ளத்தில் ஓட்டம் நின்றிருந்தால் 33–34 வாரத்திலும் பிரசவம். இவை பெரும்பாலும் சிசேரியனாகவே முடியும். வலியின் அழுத்தத்தை அந்தக் குழந்தைகள் தாங்குவதில்லை. அதுவரை வாரத்துக்கு இரண்டு மூன்று முறை டாப்ளர் பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஆஸ்பத்திரியிலேயே தங்க நேரும்.

34-இலிருந்து 37 வரை, டாப்ளர் இயல்பாகவோ, ஓட்டம் நிற்காமல் தொப்புள்கொடியில் சற்றே கூடுதல் தடையோடோ இருந்தால், காத்திருப்பதுதான் என் தேர்வு. இங்கேதான் 'ஏழு மாதக் குழந்தை பிழைக்கும், எட்டு மாதக் குழந்தை பிழைக்காது' என்ற பழைய பேச்சு குறுக்கே வரும். இதை நம்பி, எட்டு பிறப்பதற்குள் எடுத்துவிடச் சொல்பவர்களும் உண்டு. எடுத்தே ஆக வேண்டிய நிலையில் ஒன்பது பிறக்கட்டும் என்று தடுப்பவர்களும் உண்டு. இரண்டுமே ஆபத்து. உள்ளே நஞ்சுக்கொடி வேலை செய்யும்வரை ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம். எட்டாம் மாதத்தில் மட்டும் தனியாக ஒரு கண்டமும் இல்லை. தடை கூடியிருக்கும் குழந்தையை வாரம் ஒருமுறை டாப்ளரில் பார்த்து 37-இல் பிரசவம் பார்க்கலாம்.

37 தாண்டிவிட்டால் தராசு மறுபக்கம் சாய்கிறது. நெதர்லாந்தின் 'டிஜிடாட்' ஆய்வில், 36 வாரம் கடந்த, வளர்ச்சி குறைவு என்று சந்தேகிக்கப்பட்ட 650 பெண்களில் பாதிப் பேருக்கு வலி வரவழைத்தார்கள். மீதிப் பேரைக் கண்காணித்துக் காத்தார்கள். குழந்தைகளுக்கு நேர்ந்த பாதிப்பு 5.3, 6.1 சதவீதம், ஏறக்குறைய சமம். சிசேரியன் இரண்டிலும் 14 சதவீதம். காத்திருந்தவர்களில் மிகச் சிறிய குழந்தைகளும், தாய்க்கு ரத்தக் கொதிப்போடு வரும் பிரீஎக்ளாம்சியாவும் அதிகமாக இருந்தன. 38 வாரம் வரை தள்ளியபோது தனிப் பராமரிப்புப் பிரிவில் சேர்க்க வேண்டிய குழந்தைகள் குறைந்தார்கள் என்பதும் அதே ஆய்வின் பின்னாளைய அலசலில் தெரிந்தது. ஆகவே 3-வது பெர்சன்டைலுக்குக் கீழே என்றால் 37-இல் வலி வரவழைக்கலாம். 3-க்கும் 10-க்கும் நடுவில், டாப்ளர் சரியாக இருந்தால் 38–39. அதைத் தாண்டி இயல்பாக வலி வரட்டும் என்று நாள் கடத்துவதில் பலன் இல்லை.

அந்த 14 சதவீதத்தை மறுபடி பார்க்கச் சொல்கிறேன். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவங்களில் ஏறக்குறைய 45 சிசேரியன். 38 வாரத்தில், டாப்ளர் இயல்பாக இருக்கும் சிறிய குழந்தைக்கு 'வளர்ச்சி குறைவு' என்பதே ஆபரேஷனுக்குக் காரணம் ஆகிவிடாது. துடிப்பைத் தொடர்ந்து பதிந்துகொண்டே வலி வரவழைத்துப் பார்க்கலாம். அதைத் தவிர்க்க ஏதாவது காரணம் இருந்தால் டாக்டர் சொல்வார், கேட்பதில் தவறில்லை.

மருந்தால் ஏறுமா?

புரோட்டீன் பவுடர், அமினோ அமிலச் சொட்டு மருந்து, அர்ஜினின் பொட்டலம், முழுநேரப் படுக்கை: இவற்றில் எதுவும் அடைபட்ட நஞ்சுக்கொடியைத் திறந்ததாக நிரூபணம் இல்லை. படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும் அபாயம்தான் கூடும். ரத்தநாளங்களை விரிக்கும் சில்டெனாபில் மாத்திரைமீது ஒரு காலத்தில் பெரிய நம்பிக்கை இருந்தது. நெதர்லாந்தில் நடந்த ஆய்வை 2018-இல் பாதியிலேயே நிறுத்த வேண்டியிருந்தது. மாத்திரை எடுத்த தாய்மாரின் குழந்தைகளில் நுரையீரல் ரத்தநாள அழுத்தம் கூடி இறந்தவை அதிகம். இந்த மாத்திரை இன்னும் யார் சீட்டிலாவது இருந்தால் எதற்கு என்று கேளுங்கள். ஆஸ்பிரின் உதவும், ஆனால் 16 வாரத்துக்கு முன்பே தொடங்கினால்தான். இந்தக் கர்ப்பத்துக்குக் காலம் கடந்துவிட்டது, அடுத்ததற்குக் குறித்துவைக்கலாம். ரத்தசோகை இருந்தால் சரிசெய்ய வேண்டும். ரத்த அழுத்தத்தையும் சிறுநீரில் புரதத்தையும் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும்; குழந்தையின் வளர்ச்சிக் குறைவும் தாயின் பிரீஎக்ளாம்சியாவும் பல நேரம் சேர்ந்தே வருகின்றன.

காத்திருப்பது என்று முடிவானால், காத்திருக்கும் விதத்தையும் அன்றே பேசி முடித்துவிடுங்கள். அடுத்த டாப்ளர் என்றைக்கு, எந்த மாற்றம் வந்தால் எடுப்பார்கள், அந்த ஆஸ்பத்திரியில் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா, இல்லாவிட்டால் எங்கே அனுப்புவார்கள் என்று கேட்டு, தாய்சேய் அட்டையின் பின்பக்கத்தில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. டாப்ளர் அறிக்கை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது அன்றைய நிலவரம். குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ, ரத்தம் பட்டாலோ அடுத்த ஸ்கேன் தேதியைப் பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே, இரவானாலும், போய்விட வேண்டும்.